ஐம்பத்தேழாவது நகர்த்தல்

சதுரங்கப் பலகைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவனைப் பார்த்ததும் குணசுந்தரிக்குச் சிரிப்புதான் வந்தது.

தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. துடைக்கலாம் என்று கைக்குட்டையை எடுத்தான்... அது அவன் சட்டையைவிட ஈரம்!

“இன்னாங்க... நீச்சல் போட்டிக்குக் கிளம்பி, வழி தவறி இங்க வந்துட்டீங்களா?”

“இல்லைங்க. எங்க டீம்ல பாக்கியராஜ் சாருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலா நான்... பேரு செல்வமணி.”

“நான்...”

“தெரியுமே! கர்நாடகா லேடீஸ் சாம்பியன். எத்தனை நகர்த்தல்ல நான் தோப்பேன்னு எங்க குவார்ட்டர்ஸ்ல பந்தயமே ஓடுது.”

“நீங்க எத்தனைன்னு சொன்னீங்க?”

“நான் பந்தயத்துல சேரலைங்க. எனக்குத் தோக்கற ஐடியா இல்ல.”

அவள் நீட்டிய பேப்பர் துண்டில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். சொன்ன வார்த்தையில் இருந்த துணிச்சல் கண்களில் இல்லை. அவளை ஒரு நொடி பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு பலகைக்குள் போய் ஒளிந்துகொண்டன.

‘ஒரு மணி நேரம்... அவ்வளவுதான் தாங்குவான்’ என்று நினைத்துக்கொண்டாள்.

அது 1998, ஆகஸ்ட் மாதம். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்து ரீடிங் ரூமில் வருஷா வருஷம் நடக்கும் ஷீல்டு போட்டி. சுரங்க டீமுக்கும் பெமல் நகர் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் டீமுக்கும் ஆறு பலகைகளில் ஆட்டம். குணசுந்தரி சுரங்க டீம். அவள் அப்பா ராஜப்பா, சுரங்க ஷாஃப்டில் ஆட்கள் போகும் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் என்ஜின் டிரைவர். சதுரங்கம்தான் அவளுக்குப் பெங்களூர் பேங்க் வேலையை வாங்கிக் கொடுத்தது. சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த லைனில் எல்லாருக்கும் அவள் செல்லப்பெண்.

ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு ஆனது. மற்ற ஐந்து பலகைகளும் முடிந்து, இரு டீமும் சமமாக நின்றன. தகரக் கூரையில் மழை கொட்ட, எல்லோரும் இவர்களைச் சுற்றி நின்றார்கள்.

அவள் குதிரையைப் பலி கொடுத்துத் தாக்கினாள், அவன் அசையவில்லை. ராணியை விரட்டினாள், சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் யோசித்து, ஒரே ஒரு சிப்பாயை நகர்த்தி எல்லாவற்றையும் அணைத்துவிட்டான். யார் இவன்... இத்தனை நாள் எங்கே இருந்தான்?

ஐந்தாவது மணி நேரம். அவனுடைய ஒரு சிப்பாய் ராணியாக ஒரே அடிதான் பாக்கி. ஆனால் அவன் யானையே அதற்கு முன்னால் கடைசிக் கட்டத்தில் அடைபட்டிருந்தது. பின்னாலிருந்து அவள் யானை காவல் காத்தது. அவள் தன் ராஜாவை வலது ஓரத்து இரண்டு கட்டங்களுக்குள்ளேயே ஆட்டிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் வெற்றியில்லை.

ஐம்பத்தேழாவது நகர்த்தல். களைப்பில் ராஜாவை ஒரு கட்டம் நடுப்பக்கமாக வைத்தாள்.

கை எடுத்த அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஐயோ... தோற்றாள்! அவன் யானை வலது மூலைக்குத் தாவினால் போதும். சிப்பாய் ராணியாகிவிடும். அந்தச் சிப்பாயை வெட்டினாலோ... அடுத்த செக்கில் அவள் யானையே போய்விடும்.

அவன் இன்னும் பார்க்கவில்லை.

“ட்ரா?” என்றாள், புன்னகையோடு.

அவன் நிமிர்ந்தான். முகமெல்லாம் நன்றி. கையை நீட்டினான். நடுவர் ஏசுபாதம் எழுதிக்கொண்டார். சமம் என்றால் ஷீல்டு போன வருஷம் வைத்திருந்தவர்களுக்கே என்பது விதி. அது சுரங்க டீமிடமே தங்கியது. மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில், ‘புதியவருக்குப் பெருந்தன்மையோடு சமநிலை தந்த சாம்பியன்’ என்று போட்டிருந்தது. அதைப் படித்த குணசுந்தரிக்குக் காபி இறங்கவில்லை.

அன்று காலை பெங்களூர் ரயிலில், பெமல் நகர் ஸ்டேஷனில் அவனே ஏறினான்!

“நீங்களும் இந்த ட்ரெயின்தானா?” இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். இரண்டு வருஷமாக ஒரே ரயில்... வேறு வேறு பெட்டி. அவன் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். பையிலிருந்து ஒரு சின்னக் காந்தப் பலகையை எடுத்தான்.

“ஒரு உதவிங்க. நம்ம ஆட்டத்தை எனக்கு அலசிச் சொல்றீங்களா? நான் எங்கெங்க தோத்திருக்கணும்னு தெரிஞ்சுக்கணும்.”

முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. செய்த தப்புக்கு இதாவது செய்யலாமே...

ஒரு நாளைக்கு ஐந்து நகர்த்தல்கள் என்று ஆரம்பித்தார்கள். அவன் கேட்கும் கேள்விகள் அவளைத் திணறடித்தன. “இங்க குதிரையைக் குடுத்தீங்களே... கணக்குப் போட்டா, இல்ல கோவத்திலா?”

“கோவத்துலதான். தோக்கற ஐடியா இல்லன்னு சொன்னீங்களே!”

“அதுவா... சும்மா. உள்ள கால் நடுங்கிக்கிட்டு இருந்துச்சு.”

“இன்னாது! நடிப்பா?”

அவள் கலகலவென்று சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே மாலூர் பக்கத்துத் தோட்டங்கள் நனைந்துகொண்டே ஓடின. சாரல் அவள் முகத்தில் அடித்தது. அவன் எழுந்து ஷட்டரை இறக்கினான்... உட்காரும்போது பலகையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

முப்பதாவது நகர்த்தல் வந்தது. நாற்பது வந்தது. அதற்கு மேல் போக அவளுக்குப் பயம். “முதல் பத்தை இன்னொரு தடவை பார்க்கலாம்” என்பாள். அவனும் சந்தோஷமாகக் காய்களைத் திரும்ப அடுக்குவான்.

அவளோடு பேங்கில் வேலை பார்க்கும் லூயிசா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். “ஏண்டி... ஆட்டம் அஞ்சு மணி நேரம். அலசல் அஞ்சு வாரமா?”

ஒருநாள் அவனே கடைசி நிலையை அடுக்கிவிட்டான்.

“இங்கதான் எனக்குப் புரியல. ஏன் ட்ரா குடுத்தீங்க? குவார்ட்டர்ஸ்ல எல்லாரும், சாம்பியன் உனக்குப் பிச்சை போட்டாங்கடான்னு சிரிக்கறாங்க. நான் கவலைப்படல. உங்க மனசு அவ்வளவு பெருசுன்னு சொல்லிட்டேன்.”

அவளால் தாங்க முடியவில்லை. அவன் யானையை எடுத்து வலது மூலையில் வைத்தாள்.

அவன் பார்த்தான். இன்னும் குனிந்து பார்த்தான். முகம் மெல்ல வெளுத்தது.

“இதைப் பார்த்துட்டா... ட்ரா கேட்டீங்க?”

“ஆமா.”

“அப்ப இத்தனை நாள் எங்கூட உட்கார்ந்தது... பாவம்னா?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பலகையை மூடிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான். மறுநாள் அந்தப் பெட்டியில் ஏறவில்லை. அதற்கு மறுநாளும்.

“ட்ரா கேக்கறது ரூல்ல தப்பில்லையே குணா?” என்றாள் லூயிசா.

“ரூல்ல தப்பில்ல. மத்த எல்லாம் தப்பு.”

ஐந்தாம் நாள் அழுகை நின்று, அவளுக்குள் ஒரு தெளிவு வந்தது. எந்த இடத்தில் தப்பு நடந்ததோ, அங்கேயே போய் அதைச் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரீடிங் ரூமில் அவளுக்குப் பாராட்டு விழா. மாநில மகளிர் அணிக்குக் கேப்டன் ஆகியிருந்தாள். இரு டீமும் வந்திருந்தன. கடைசி வரிசையில், யாரோ இழுத்து வந்தது போல் செல்வமணி.

மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த பெரிய பலகையிடம் போனாள். அந்த நிலையை அடுக்கினாள். யானையை மூலைக்கு நகர்த்திக் காட்டினாள்.

“நான் இங்க தோத்துட்டேன். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியறதுக்குள்ள ட்ரா கேட்டேன். பேப்பர்ல போட்ட மாதிரி அது பெருந்தன்மை இல்ல... பயம். அன்னிக்கு இந்த ஹால்ல நல்லா ஆடினது செல்வமணி.”

ஹால் முழுக்க ஒரே சலசலப்பு. ஏசுபாதம் எழுந்தார். “கை குடுத்தாச்சும்மா. ரிசல்ட்டை மாத்த முடியாது.”

“மாத்த வேணாம் சார். தெரிஞ்சா போதும்.”

முன்வரிசையில் ராஜப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். அவர் நிமிர்ந்தார்.

“கேக்கறதுக்குக் கசப்பாத்தான் கீது... ஆனா நீ சொன்னது சரி. போ. அந்தப் புள்ள வெளிய போகுது பாரு.”

மழை பிடித்துக்கொண்டிருந்தது. கேட்டருகே தகரக் கூரையடியில் நின்றிருந்தான். அவள் ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

“இன்னும் கோவமா?”

“ஷீல்டுக்காக எனக்குக் கோவம் இல்லைங்க. அது போனா போகட்டும். தினமும் காலையில உங்களைப் பார்க்கத்தான் நான் எழுந்திருப்பேன். நீங்க என்னடான்னா... தப்புக்குப் பரிகாரமா வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதான் தாங்கல.”

“முதல் நாள் அப்படித்தான்.” அவள் அவன் கண்களை நேராகப் பார்த்தாள். இந்த முறை அவை ஒளியவில்லை. “ரெண்டாவது நாள்லேர்ந்து அப்படி இல்ல. உண்மையைச் சொன்னா நீங்க போயிடுவீங்கன்னு பயந்துதான் மறைச்சேன். எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு, செல்வமணி. ரொம்ப.”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். மாட்டினான். மறுபடி கழற்றினான்.

“நானும் ஒண்ணு சொல்லணும். என் ஆபீஸ் ஒயிட்ஃபீல்டுல.”

“ஒயிட்ஃபீல்டா? நீங்க எங்ககூட கண்டோன்மென்ட்லதானே எறங்குவீங்க?”

“ஆமா. உங்களோட அரை மணி நேரம் சேர்த்து உட்காரலாம்னு. அங்கேர்ந்து பஸ் புடிச்சுத் திரும்பிப் போவேன். ஒரு மாசமா தினமும் லேட். மெமோகூடக் குடுத்துட்டாங்க.”

“ஐயோ... எதுக்குங்க இப்படி?”

“எதுக்குன்னா...” அவன் மழையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். “உங்களை விட்டுட்டு ஒரு நாள்கூட என்னால எறங்க முடியல, குணா.”