வலையில் விழாத இலை

"இதை எவன் செஞ்சான்?"

யர்மிலா போட்ட சத்தத்தில் போல்யானா மலையின் பீச் மரக்காடே ஒரு கணம் வாயடைத்துப் போனது...

இடுப்புயரக் கம்பங்களில் அவள் கட்டியிருந்த இருபது வலைகள். இலை கொட்டோ கொட்டென்று கொட்டும் அக்டோபர் மாதம். ஒவ்வொன்றும் நிரம்பி வழிய வேண்டும். ஆனால் ஒன்றில்கூட இலை இல்லை! அடியில் பீச் மரத்தின் சின்ன முக்கோணக் கொட்டைகள் மட்டும், பொறுக்கி வைத்தாற்போல் சுத்தமாகக் கிடந்தன.

விழும் இலைகளைப் பிடித்து, பரப்பி அளந்து, ஒரு சதுர மீட்டர் மண்ணுக்கு மேல் இந்தக் காடு எத்தனை சதுர மீட்டர் இலை விரித்திருந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் ஆய்வு. இது மூன்றாவது வருடம், கடைசி வருடம். இந்த இலைகள் போனால் மூன்று வருடமும் போச்சு!

"நான்தாங்க."

மரத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் வந்தான். தோளில் சாக்கு, தலையில் பச்சைத் தொப்பி, மழைக்கு முந்தைய வானம் போல் சாம்பல் கண்கள்... அதில் பெருமை வேறு!

"பேரு ரஸ்தோ. நாற்றங்காலுக்கு விதை பொறுக்குறவன். இலை ஈரம் பட்டா கொட்டையில பூஞ்சை பிடிச்சிடும். அதான் மூணு வாரமா இலையை அள்ளிட்டு சுத்தம் பண்ணி வச்சேன். எந்தச் சோம்பேறி கட்டின வலையோன்னு திட்டிக்கிட்டேதான்..."

"அந்தச் சோம்பேறி நான்தான்!"

"ஐயோ..."

"எனக்கு வேண்டியது இலைய்யா, இலை! விதைக்குக் கட்டுற வலையைத் தரையிலதானே விரிப்பாங்க?"

"புது மாடல்னு நினைச்சேங்க."

"சீட்டு எழுதிக் கட்டியிருக்கேனே, கண்ணு பிடரியிலயா இருக்கு?"

"மழையில மை கரைஞ்சிடுச்சுங்க. எங்க ஊர்ல இலையை யாரு பாதுகாப்பா?"

தூறல் ஆரம்பித்தது. ஆத்திரத்தில் அவள் கண்கள் நிறைந்தன. எங்கிருந்தோ ஒரு மஞ்சள் இலை சுழன்று வந்து அவள் கூந்தலில் உட்கார்ந்தது... அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

'பாவி... என் வயிறு எரிகிறது, இவன் ஏன் இப்படிப் பார்க்கிறான்? எனக்கும் ஏன் அந்தக் கண்ணை விட்டுப் பார்வை நகரவில்லை?' அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது.

"இலையை எங்க கொட்டின?"

"எங்கம்மா ரோஜாச் செடிக்கு... குளிருக்குப் போர்வையா."

அவள் விடுவிடுவென்று மலையிறங்க, அவன் வழி சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினான்.

தோட்டத்தில் அவன் அம்மா துடைப்பத்தோடு குறுக்கே நின்றாள். "பனி விழப்போற நேரத்துல என் செடிங்க போர்வையை உருவ வந்திருக்காளே! யாருடா இவ?"

"தப்பு என்னோடதும்மா. வழி விடு."

"ஒரு இலை தரமாட்டேன்!"

"உங்க தயவு ஒண்ணும் வேணாம்," என்று யர்மிலா திரும்பினாள். மூன்று வருடம் கண்ணெதிரே செடியடியில் கிடந்தது, கெஞ்ச மட்டும் வாய் வரவில்லை.

ரஸ்தோ காட்டுக்கு ஓடி, ஊசியிலை மரக் கிளைகளை வெட்டிச் சுமந்து வந்தான். ஒவ்வொரு செடிக்கும் கிளையைப் போர்த்தி, அடியிலிருந்த இலையை மெல்ல உருவினான். உள்ளங்கையெல்லாம் ரோஜா முள் கீறி ரத்தம். அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

நான்கு நாள், அந்த வீட்டுச் சமையலறை மேசையில் இருவரும் இலை பிரித்தார்கள். தோட்டத்துப் பேரிக்காய் மரத்து இலை ஒரு பக்கம், பீச் இலை ஒரு பக்கம். அம்மா முணுமுணுத்துக்கொண்டே முட்டைகோஸ் சூப் வைத்தாள்.

"அது பேரி இலை. மறுபடி தப்பு!"

"உங்க கையைப் பார்த்துட்டேன், இலையைப் பார்க்கலை."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

எந்த இலை எந்த வலையில் விழுந்தது என்று இனித் தெரியாது. ஆனால் மொத்தம் கிடைத்துவிட்டது. மொத்தம் இருந்தால் சராசரி வரும். ஆய்வு பிழைத்தது!

மூட்டையைக் கட்டும்போது அவன் தொப்பியைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு மஞ்சள் இலையை எடுத்தான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு..."

"அடப்பாவி! எல்லாம் அளந்து முடிச்சப்புறம் நீட்டுறியா?"

"அன்னைக்கு என்னைத் திட்டினீங்களே... அப்ப உங்க தலைமுடியில விழுந்தது. வேகமா நடந்தப்ப உதிர்ந்துச்சு. எடுத்து வச்சுக்கிட்டேன்."

யர்மிலாவின் முகம் காதுவரை சிவந்தது.

"வலையில விழாத இலை... கணக்குல சேராது."

"அப்ப தூக்கிப் போட்டுடவா?"

"போட்டுப் பாரு, கொன்னுடுவேன்!" அவள் குரல் உடைந்தது. "எனக்கு உன்மேல கோவம் போகவே இல்லை. போகவும் வேணாம்... ஆயுசு பூரா உன்னைத் திட்டணும் போல இருக்கு. பக்கத்துலயே இருப்பியா?"

ரஸ்தோ அந்த இலையைப் பத்திரமாகத் தொப்பிக்குள் வைத்து, தலையில் அழுத்தி மாட்டிக்கொண்டான்.

"திட்டுங்க... இங்கேயேதான் நிக்கிறேன்."