கம்பிமேல் ஒரு கை

இரைச்சல் நின்றது. கமலக்கண்ணன் கிட்டாரைத் தொடவேயில்லை.

நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த, அவனுடைய பேஸ் கிட்டார் அது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்று இரையும், கம்பிமேல் கை வைத்தால்தான் அடங்கும், கையை எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். இப்போதோ அவன் கையில் இருந்தது காபி டம்ளர். கரெண்ட் போய்விட்டதா என்று நிமிர்ந்தான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டு விசைத்தறி தடதடத்தது, எங்கோ பட்டுக்குச் சாயம் காய்ச்சும் வாடை ஜன்னல் வழியே வந்து தொண்டையைக் கமற வைத்தது. கொஞ்ச நேரத்தில் இரைச்சல் திரும்பிவிட்டது. லூஸ் கனெக்‌ஷனாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். ஈயம் பற்றவைத்தவன் அவன்தானே.

பற்றவைத்தது எதை என்பதுதான் கேவலம். ஊர் மெல்லிசைக் குழுவில் லோகநாதன் பேஸ் வாசித்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் சத்தம் கேட்கும். அவர் மாரடைப்பில் கண்ணை மூடிய பிறகு, அந்தக் கிட்டாரை அவர் மனைவி ஹேமலதா கமலக்கண்ணனிடம் கொடுத்தாள். கம்பி மட்டும் மாற்றச் சொல்லித்தான் கொடுத்தாள். கம்பியைக் கழற்றியவன் அடியிலிருந்த பிக்கப்களைப் பார்த்தான். காந்தத்தின்மேல் மயிரிழைச் செம்புக் கம்பி சுற்றிய கட்டைகள். கிட்டார்க் கம்பி அதிர்வதைப் பிடித்துச் சத்தமாக அனுப்புவது அவைதான். கை சும்மா இருக்கவில்லை. அவற்றைத் தன் கிட்டாருக்கு மாற்றிக்கொண்டு, தன்னுடைய மட்டமான பிக்கப்களை அவர் கிட்டாரில் வைத்து மூடிவிட்டான். யாருக்குத் தெரியப்போகிறது?

சாயங்காலம் ஹேமலதா வந்தாள்.

"ஆச்சா தம்பி? அப்பா கிட்டாரு எப்ப வரும்னு தேவிப்ரியா கேட்டுகினே கீறா."

"ஆச்சு அண்ணி." உறையோடு நீட்டினான்.

குழந்தையைத் தட்டுவதுபோல அவள் உறையைத் தட்டினாள். "உள்ள கீற பிக்கப்பு அவரே சுத்துனது, தெரியுமா? எங்க ஊட்டுப் பட்டு ராட்டையிலதான். நான் ராட்டைய சுத்த, அவரு கம்பியப் புடிச்சிகினு இருப்பாரு. என் கல்யாணப் பொடவையில மிஞ்சுன அரக்கு நூலதான் மேல கட்டுனாரு." சிரித்தாள். "இரைச்சல் மட்டும் ஆவவே ஆவாது அவருக்கு. தூக்கத்துல கூட எந்திரிச்சி வந்து கம்பிமேல கைய வெச்சி அமுக்குவாரு."

அரக்கு நூலை அவன் பார்த்திருந்தான். 'இருங்க அண்ணி, ஒரு தப்பு பண்ணிட்டேன்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். உறையின் ஜிப்பை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிவிட்டான். "நீ நல்லா இருக்கணும் தம்பி" என்று வாழ்த்திவிட்டுப் போனாள். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

அறைக்குள் வந்து உட்கார்ந்தான். கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா? என்ன சொல்லிக் கொடுப்பது? எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு? கிட்டார் இரைந்துகொண்டேயிருந்தது. பக்கத்து வீட்டில் தறியை நிறுத்தினார்கள். விளக்குப் போடத் தோன்றவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது.

போன் அடித்தது. ஹேமலதா.

"தம்பி, பாப்பா வாசிச்சிப் பாத்தா. அவரு சத்தமே இல்லியே இது. அப்பா இதுல இல்லன்னு அழுவுறா. எதுனா மாத்தினியா?"

கேட்டேவிட்டாள். இப்போதாவது சொல்லலாம்.

"இல்லியே அண்ணி. புதுக் கம்பி. போகப் போகச் சரியாயிடும்."

இரைச்சல் நின்றது.

காத்திருந்தான். திரும்பவில்லை.

ஃபேன் ஓடியது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்தது. நாற்காலியில் கிட்டார் அப்படியே சாய்ந்திருந்தது. தடித்த கம்பி மட்டும் மெல்ல அமுங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது.

லூஸ் கனெக்‌ஷன். லூஸ் கனெக்‌ஷன்தான்.

கையை நீட்டினான். கம்பிமேல் வைத்தான்.

கம்பி தட்டுப்படவில்லை.

கம்பிக்கும் அவன் விரலுக்கும் நடுவில் ஏதோ இருந்தது. சில்லென்று. எலும்பும் தோலுமாக. நகத்தோடு.

"தம்பி? லைன்ல கீறியா?"

அது மெல்லத் திரும்பி, அவன் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டது.