நான்கு நொடி பழைய படம்

மார்ச் 11, செவ்வாய். ஒரு சின்னத் தவறு. விபத்து நடந்த அன்றே கிரேன் கேமராவின் அமைப்பைப் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். அழுத அழுகையில் மறந்துவிட்டேன். இன்று என் கணினியில் பார்த்தால், யாரோ அதை மாற்றியிருப்பது போலத் தெரிகிறது.

மதியம் சோற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்து இதை எழுதிவிட்டு, அவள் கட்டுப்பாட்டு அறைக்குப் படியேறினாள். கிடங்கின் கேமராக்களையும் கம்பிகளையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மாலையில் நெட்வொர்க்கிங் வகுப்பு. இந்த அறைக்குத்தான் மூன்று வாரமாக வரவில்லை.

ஈரச் சுவரின் வாடை. நாற்காலியில் அப்பாவின் துண்டு அப்படியே கிடந்தது.

அப்பா இங்கே உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி, முற்றத்தின் கோடியில் நிற்கும் கிரேனை இயக்குவார். கீழே கொக்கி மாட்டுபவர், அப்பாவின் உயிர்த்தோழர், கையால் சைகை காட்டுவார். இரு கைகளையும் அகல விரித்தால், உடனே நிறுத்து என்று பொருள். அன்றும் விரித்தார். இரும்புத் தூண் நிற்காமல் அவர்மேல் இறங்கி அவரைக் கொன்றது.

"கையைப் பாத்ததும் நிறுத்திட்டேன்மா," என்றுதான் அப்பா இன்றுவரை சொல்கிறார். ஒருவரும் நம்பவில்லை. நாளைக்கு விசாரணை.

வகுப்பில் படித்தது அவளுக்கு நினைவிருந்தது. கேமராப் படம் கம்பி வழியே துண்டு துண்டாகத்தான் வரும்; தாமதமாகும் துண்டுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை அமைப்பில் கூட்டலாம், குறைக்கலாம். தொலைந்த துண்டுகளை விட்டுவிட்டு வந்ததைக் காட்டினால் படம் கொஞ்சம் வெட்டும், ஆனால் இந்த நொடியைக் காட்டும். எல்லாத் துண்டும் வரட்டும் என்று காத்திருந்தால் படம் வெண்ணெய் போல ஓடும். ஆனால் அது பழைய படம்.

"கேமராப் படம் கால் நொடிதான் லேட்டுன்னு எழுதிக் கையெழுத்து போடு," என்றார் மேலாளர், வாசலில் சாய்ந்துகொண்டு. "பொண்ணே எழுதிக் குடுத்தா அப்புறம் எவன் வாயத் திறப்பான்?"

"அன்னைக்கும் கால் நொடிதானா சார்?"

"அன்னைக்கும் இதேதான். உங்கப்பனுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு, அவ்ளோதான்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒருவேளை தான்தான் தப்பாக நினைக்கிறோமோ? சந்தேகம் வந்தால் அளந்து பார். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அவள் கேட்டுக்கொண்டபடி காவலாளி கிரேனடியில் நின்று, கைபேசியின் நொடிக் கடிகாரத்தைக் கேமராவுக்குக் காட்டினார். அவள் தன் கைபேசிக் கடிகாரத்தைத் திரையோரம் பிடித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாள். கால் நொடி. மறுபடியும் கால் நொடி.

பிறகு ஒரு நொடி.

இரண்டு.

நான்கு.

அமைப்பைப் பார்த்தாள். எதுவும் மாறவில்லை. மறுபடி திரையைப் பார்த்தாள். காவலாளிக்குப் பின்னால் மஞ்சள் தலைக்கவசத்தோடு ஓர் ஆள். இரு கைகளும் அகல விரிந்திருந்தன.

வாக்கிடாக்கியில் கிசுகிசுத்தாள். "அண்ணே... உங்க பின்னாடி யாரு?"

"யாரும் இல்லியே பாப்பா. ஏன் இப்படிக் குளிருது?"

மேலாளர் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. உடனே சிவந்தது. "அப்பனும் பொண்ணும் நாடகமா ஆடுறீங்க?" இன்னொரு வாக்கிடாக்கியைப் பிடுங்கிக்கொண்டு தடதடவென்று இறங்கினார்.

சற்று நேரத்தில் அவர் குரல் அலறியது. "இங்க ஒரு நாயும் இல்ல! நல்லாப் பாத்துக்க!"

திரையில் அவர் இன்னும் நடந்துகொண்டிருந்தார்.

அலறல் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "யார்றா அது... கைய எடு."

திரையில் இப்போதுதான் அவர் வாய் திறந்து அலறினார். பின்னால் நின்றவரின் விரிந்த கைகள் மெல்ல உள்நோக்கி மடங்கின.

"விடு! நான்தான்! படம் வெட்டுதுன்னு முதலாளி கத்துனாரு, நான்தான் அந்தக் காத்திருக்கிற நேரத்தக் கூட்டி வெச்சேன்! அவன் செத்த மறுநாளே பழையபடி மாத்திட்டேன்! கிரேன்காரன் மேல தப்பு இல்ல... ஐயோ!"

சத்தம் போட்டுத் தடுக்க நினைத்தாள். வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனாள். கத்தித்தான் என்ன பயன்? திரையில் கை இன்னும் தோளைத் தொடவில்லை. அங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பா இந்த நாற்காலியில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

பிறகு, கை தொட்டது.

அவள் கேமராக் கம்பியைப் பிடுங்கினாள்.

மேலாளருக்கு உயிர் இருந்தது. கிரேனடியில் உட்கார்ந்திருந்தார், இரு கைகளையும் அகல விரித்தபடி. காவலாளியும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தியும் அந்தக் கைகள் மடங்கவில்லை. அவர் அலறியதைக் கிடங்கில் வாக்கிடாக்கி வைத்திருந்த அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள்.

இரவு வீட்டுக்கு வந்ததும், அதே பக்கத்தில் அதற்குக் கீழே எழுதினாள்:

தாமதம் நான்கு நொடி. கால் நொடி என்று கையெழுத்துப் போடவில்லை. பிடுங்கிய கம்பி என் பையில் இருக்கிறது. நான் கிளம்பும்போதும் திரையில் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பாவின் தோழர் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கேமராவுக்கு மிக அருகில் வந்து நின்றிருந்தார்.

நாளை: விசாரணை அதிகாரியை அழைத்துப்போய் அந்தத் திரையின் முன் உட்கார வைக்க வேண்டும்.