காக்காய்க்கு வைத்த சோறு

சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்து ஒத்தக்கடை வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. கதவு திறந்தே கிடந்தது. அடுப்படியில் சமைத்ததெல்லாம் மூடி வைத்தபடி இருந்தது. என் மனைவி வசுந்தரா மொட்டைமாடியில் நின்றாள். கைப்பிடிச் சுவர் மேல் ஒரு வாழையிலைத் துண்டு. அதில் சோறு, பருப்பு, நெய், ஒரு வடை. காலை ஒன்பது மணியிலிருந்து வெயிலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறாள்.

"கா... கா..."

தொண்டை கட்டிப்போயிருந்தது.

அன்று அமாவாசை. அவள் அப்பா வெங்கடரமணன் செத்து இருபத்திரண்டு நாள். காரியமெல்லாம் அவள் அண்ணன் வீட்டில் நடந்தது. எங்களை வாசற்படி ஏற விடவில்லை. அவளுக்கு மிஞ்சியது இந்த ஓர் இலைச் சோறுதான். காக்காய் வாய் வைக்காமல் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள்.

நான் உயிரியல் வாத்தியார். பெயர் சூரியபிரகாஷ். சாமி கும்பிடுவதில்லை, கும்பிடுகிறவர்களைக் கிண்டல் பண்ணாமல் விட்டதுமில்லை.

"இந்தப் பக்கம் இருந்த மரத்தையெல்லாம் வெட்டி பிளாட்டு போட்டுட்டாய்ங்க. காக்கா எங்கிட்டு வரும் வசு? குப்பைமேட்டுப் பக்கம் போயிருக்கும். அம்புட்டுத்தான் விஷயம்" என்றேன்.

"காக்காயப் பத்தி நான் கேக்கலீங்க. அப்பா சொன்னதச் சாதிச்சுட்டாரு."

அவர் சொன்னது எனக்கும் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன் நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய் நின்றபோது, புகையிலை எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "சாமி இல்லேங்கிறவன் வீட்டுச் சோத்த ஒன் கையால வாங்கித் திங்க மாட்டேன். செத்தாலும் திங்க மாட்டேன்." அன்றோடு பேச்சு அறுந்தது. அவளுடைய சௌராஷ்டிர மொழியும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. பேச ஆளில்லாமல் அவள் அதைப் பேசியதில்லை. நானும் கற்றுக்கொள்ளவில்லை.

கடைசி மாதம்தான் ஆஸ்பத்திரியில் பார்த்தோம். புகையிலை அடக்கி அடக்கி வலது கன்னத்தில் புற்று. கன்னம் ஓட்டை விழுந்திருந்தது. இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டே கிடந்தார். வார்டு வாசலிலேயே வாடை வரும். அழுகின மாம்பழமும் புகையிலையும் மருந்துத் தண்ணீரும் கலந்த வாடை. அண்ணன் இல்லாத நேரம் பார்த்து வசுந்தரா கஞ்சி கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. கன்னத்தில் வழிவதைத் துடைக்கச் சொல்லி என்னிடம் துணியைக் கொடுத்தாள். குனிந்தேன். ஓட்டைக்குள் வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது.

அவர் கட்டிலடியிலேயே வாந்தி எடுத்தேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மொட்டைமாடியில் வசுந்தராவுக்குக் கால் தள்ளாடியது. "மொகத்தக் கழுவிட்டு வாரேன். பாத்துக்கிட்டே இருங்க" என்று கீழே இறங்கினாள்.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஒரு கிழவனின் வீம்புக்காக இவள் மயங்கி விழ வேண்டுமா? சோற்றை வீசிவிடலாம் என்று பார்த்தால் சுற்றிலும் பொட்டல் பிளாட்டுகள். செம்மண்ணில் வெள்ளைச் சோறு பளிச்சென்று தெரியும். மாடிப்படியில் ஏதோ சத்தம் கேட்டது. அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். நாலு வாய். மென்றுகூடப் பார்க்கவில்லை. மீதியைக் கொத்தினது போலச் சிதறிவிட்டு, இலை ஓரத்தைக் கிழித்து வைத்தேன்.

அவள் வந்து பார்த்தாள். அப்படியே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் கீழே போய் வயிறாரச் சாப்பிட்டாள். எந்தச் சாமியும் தராத நிம்மதியை ஒரு நாத்திகன் நாலு வாய்ச் சோற்றில் கொடுத்துவிட்டேன் என்று பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் காபி குடிக்கும்போது அந்த வாடை வந்தது.

என் வாய்க்குள்ளிருந்து.

மூன்று தரம் பல் விளக்கினேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். கே.கே. நகர் பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு சார்" என்றார். எனக்கும் தெரியும். குற்ற உணர்ச்சி இருந்தால் மூளை இல்லாத வாடையைக் காட்டும். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் போட்டே விளக்குவேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே முன் பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள்.

கடவுள் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். இந்த அருவருப்பு இல்லை என்று என் வயிற்றிடம் சொல்ல முடியவில்லை. எச்சில் முழுங்கினாலே குமட்டியது. சோறு வாய்க்குள் போனதும் கொழகொழவென்று நெளிந்தது. வலது கடைவாயில் பருப்பும் எச்சிலுமாக வழிவது எனக்கே தெரியாது. வசுந்தரா முந்தானையால் துடைத்துவிடுவாள். முகம் சுளிக்கவே மாட்டாள்.

அடுத்த அமாவாசை வந்தது. அவள் மாடிக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் என் முன்னால் இலை போட்டாள். சோறு, பருப்பு, நெய், ஒரு வடை.

இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். "வசு, ஒரு உண்மையச் சொல்லிர்றேன். அன்னைக்குத் தின்னது காக்கா இல்ல. நான்தான்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"படியில நின்னு பாத்தேன்."

"பாத்துட்டுமா அப்பிடி அழுத?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இடது கையால கன்னத்தத் தாங்கிக்கிட்டுத் தின்னீங்க. நீங்க அப்பிடித் திங்கிற ஆளா?"

எனக்கு அப்படி நினைவே இல்லை. மூளை, பழக்கம், துக்கம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"இலைய எடுத்துட்டுப் போ. என்னால முடியாது."

"நீங்க வாய் வைக்காம நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. உதடு வெடித்திருந்தது.

அவளுக்காகத்தான் அன்றும் தின்றேன். இன்றும் அவளுக்காகத்தான் கையை வைத்தேன். முதல் வாயிலேயே அழுகின மாம்பழம் தொண்டைக்குள் இறங்கியது. இரண்டாவது வாயில் நாக்குக்கடியில் ஏதோ நகர்ந்தது. கண்ணில் நீர் வந்தது. ஆனால் கை நிற்கவில்லை.

ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்தன, ஒன்று, இரண்டு, நாலு காக்காய்கள். இந்தப் பக்கம் காக்காயைப் பார்த்தே மாதக் கணக்காகிறது. வசுந்தரா கையை வீசி விரட்டினாள்.

"இருங்க. அவரு சாப்பிட்டு முடிக்கட்டும்."

இலை காலியானது. நான் எழப் பார்த்தேன்.

என் இடது கை கன்னத்தில் இருந்தது.

வாய் தானாகத் திறந்தது. நாலைந்து வார்த்தை சொன்னது. சௌராஷ்டிரத்தில்.

வசுந்தரா முகமெல்லாம் சிரிப்பாகி, அதே மொழியில் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே, இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.