ஊமை என்று எழுதியவள்

காலை ஒன்பது மணிக்குச் சோதனைக்கூடத்தின் கீழ்த்தளத்துக்கு வந்து, செருப்பை மாற்றி, கையுறை போட்டு, சத்தம் புகாத பெட்டியைத் திறப்பது என் வேலை. ஒரு வருடமாக அப்படித்தான். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் வந்தேன்.

ஆட்டிசம், வலிப்பு, பேச்சு வராமை இதெல்லாம் பிறந்த சில நாட்களில் மூளையின் எந்த மூலையில் தொடங்குகிறது என்று எங்கள் டாக்டர் சுண்டெலிகளிடம் தேடிக்கொண்டிருக்கிறார். ஏழு நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் பெட்டிக்குள் ஐந்து நிமிடம் தனியாக விடுவோம். அது தாயைக் கூப்பிட்டு அழும். நம் காதுக்குக் கேட்காது. மைக் பிடித்துக் கொடுத்தால் கணினித் திரையில் கோடுகளாக விழும். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? கோடு விழுந்தால் குட்டி தாயிடம் திரும்பும். ஒரு கோடும் விழாவிட்டால் ‘ஊமை’ என்று எழுதுவோம். ஊமை அன்றைக்கே மேல்மாடிக்குப் போகும். அங்கே மூளையை எடுத்து மெல்லிசாகச் சீவுவார்கள்.

என் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான். நாலு வயது. இன்னும் ஒரு தடவைகூட ‘அம்மா’ என்றதில்லை. இந்த வேலையை நான் தேடிப் பிடித்ததே அவனுக்காகத்தான்.

அன்று ஆறு குட்டிகள். ஆறும் ஊமை.

“ஆறுமா? டாக்டர் இன்னைக்குத் தரையில நடக்க மாட்டார் பாரு” என்று சிரித்துக்கொண்டே, என்னோடு வேலை செய்யும் அக்கா குட்டிகள் இருந்த தட்டை மேலே எடுத்துப் போனாள்.

சாயங்காலம் பெட்டியைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். மைக் ஒயர் சொருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் துடைப்பதற்காக நானே பிடுங்கியது.

அப்படியானால் ஆறும் அழுதிருக்கலாம். தொண்டை கிழியக் கிழிய அழுதிருக்கலாம்.

மேல்மாடிக்கு ஓடினேன். மேசையைக் கழுவி முடித்திருந்தார்கள். கீழே வந்து ஒயரைச் சொருகினேன். யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம், வேறென்ன.

மறுநாள் பெட்டி காலி. திரையில் கோடுகள் விழுந்துகொண்டிருந்தன.

ஐந்து நிமிடம் விழுந்தன. நின்றன. மறுபடி ஐந்து நிமிடம். நானும் எண்ணாமல் இருக்கத்தான் பார்த்தேன்.

ஆறு தடவை.

“ஒயர் லூசா இருக்கும்டி. பிடுங்கிட்டுப் பாரு” என்று சிரித்தாள் அக்கா.

“எந்த ஒயர்?”

“மைக் ஒயர்தான். ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது உனக்கு?”

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். ஒயரைப் பிடுங்கினேன்.

கோடுகள் நிற்கவில்லை.

அக்காவின் சிரிப்பு நின்றது. நான் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளே கை விட்டேன். தரையில் விரித்த பஞ்சு, சிறுசிறு குழிகளாக அமுங்கியிருந்தது. குழிகள் வெதுவெதுப்பாக இருந்தன. பால் வாசனை அடித்தது.

வெள்ளிக்கிழமை மகனுக்குப் பேச்சுப் பரிசோதனை. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். ஒரு சொல்லும் வராத பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு ஒன்று உண்டு. அதில் மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். அதை விட்டால் அவனுக்கு வேறு கதி இல்லை.

பரிசோதிக்கும் பெண் அவனைக் கண்ணாடி அறைக்குள் பெஞ்சில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள்.

“கொஞ்சம் தனியா இருக்கட்டும். கூப்பிடுறானான்னு பார்ப்போம். அஞ்சே நிமிஷம்தாங்க.”

அறைக்குள் ஒரு மைக்; வெளியே அவள் முன்னால் ஒலிபெருக்கியும் திரையும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவன் கால்களை ஆட்டிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

“அம்மா.”

மெல்லிய குரல். நாலு வருடமாக நான் ஏங்கிய சொல். ஐயோ, என்ன சந்தோஷம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

அவன் வாய் மூடியிருந்தது.

“அம்மா.”

மூடியே இருந்தது.

இரண்டாவது குரல் முதல் குரல் இல்லை. மூன்றாவது அந்த இரண்டும் இல்லை. ஆறு குரல்களும் கேட்டு முடிந்தபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“நல்ல சேதிங்க!” அவள் எழுதத் தொடங்கியிருந்தாள். “ஆறு தடவை, சுத்தமா. இனி அந்த வகுப்பே வேண்டாம். இடத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்துடலாம்.”

“எழுதாதீங்க! அவன் வாயே திறக்கலை.”

“நான் திரையைத்தாங்க பார்த்தேன்.”

“மைக்ல ஏதோ தப்பு. ஒயரைப் பாருங்க.”

“காலையில நானேதான் சொருகினேன்.”

“அது அவன் இல்லைங்க. அதுங்க… அதுங்க அழுதுச்சு. நான்தான் ஊமைன்னு எழுதிட்டேன்.”

அவள் பேனாவைக் கீழே வைக்காமல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“அழாதீங்க. மெஷின்ல என்ன விழுதோ அதைத்தானே நாங்க எழுத முடியும்?”

அவள் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

உள்ளே என் பிள்ளை சட்டை நுனியை மடியில் விரித்து வைத்துக்கொண்டான். வெறும் தரையிலிருந்து எதையோ, நோகாமல், ஒவ்வொன்றாக எடுத்து அதில் விட்டான்.

ஆறு தடவை குனிந்து நிமிர்ந்தான்.