கெளுத்தி முள்ளும் மெல்லிய டயரும்

"புஸ்ஸ்ஸ்..."

வாழைச்சேனைத் துறைமுக வளைவில் றொவீனாவின் றேசிங் சைக்கிள் நின்றுவிட்டது. மழை அப்போதுதான் தூறத் தொடங்கியிருந்தது. போன ஞாயிறும் இதே இடம்...

வலையில் பட்ட கெளுத்தியின் முள்ளை ஒடித்துத் தெருவோரம் எறிவது இங்கே வழக்கம். முள் போனால் பயமின்றிக் கூடைக்குள் கையை விடலாம். டயர்களைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

"என்ன புள்ள, இண்டைக்கும் இவடத்தயே காத்துப் போயிட்டா?" தெருவோரம் மீன் தரம்பிரித்துக்கொண்டிருந்த மீன்காரர் முகைதீன்பாவா சிரித்தார். "மீன் கேக்க வெக்கத்துல இப்பிடிச் சாட்டுச் சொல்லி நிக்கிறீங்களோ?"

அவள் முகம் சிவந்தது. அருகே இன்னொரு சைக்கிள் வந்து நின்றது.

"முள்ள இழுத்திராதீங்க... எங்க குத்தியிருக்கெண்டு முதல்ல பாப்பம். நான் க்ளைவ், ஐஸ் பெக்டரியில மெசின் பாக்கிற."

நிமிர்ந்தாள். அவன் இமையில் ஒரு மழைத்துளி, விழுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றது...

"றொவீனா" என்றாள், தன்னையறியாமல்.

"இந்த டயர் பட்டுச்சேல மாதிரி. நம்மட தெருவுக்குத் தாங்காது. தடிச்சதப் போடுங்க."

"அதுல ஓடினா கையெல்லாம் மரத்துப் போகும். இதுல ஓடிப் பாருங்க, வெள்ளத்துல தோணி போற மாதிரி... உங்களுக்கு எங்க விளங்கப் போகுது!"

"ஓம்... தோணி இப்ப தரையிலயெல்லோ கிடக்கு!"

கண்களில் கேலி. ஆனால், டியூபை ஒட்டிய விரல்களில் எத்தனை கவனம்!

அந்தக் கிழமையே தடித்த டயர் போட்டாள். 'அவன் சொன்னதற்காக இல்லை' என்று மனதுக்கு விளக்கமும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு வளைவில் க்ளைவ் நின்றான். சைக்கிள் முட்களின் மேல் ஏறிக் கடந்தது. நிற்கக் காரணம் இல்லை... நின்றால், அவன் சொன்னதே சரி என்று அவனிடம் ஒத்துக்கொள்ள வேண்டிவரும். அவன் கை உயர்த்தியதைக் காணாதவள்போல் போனாள். உள்ளங்கை மரத்தது. நெஞ்சு மரத்தால் நன்றாயிருக்கும்...

அதற்கடுத்த ஞாயிறு அவன் அங்கே இல்லை. அவள் நின்றாள்.

"காத்து நல்லா இரிக்கே புள்ள, ஏன் நிண்ட?" முகைதீன்பாவா டயரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "அவன் பெக்டரி வாசல்ல நிக்கான். விசரன்! தன்ட வாயாலயே தடிச்ச டயரப் போடச் சொல்லிப்போட்டு, இப்ப நீங்க நிக்கிறல்லயாம் எண்டு முகத்தத் தொங்கப் போட்டுக்குத் திரியிறான்."

றொவீனா சைக்கிளைத் திருப்பினாள்.

அவளைக் கண்டதும் க்ளைவ் பதறி ஓடிவந்தான். "குத்திட்டா?"

"இல்ல."

"அப்ப... ஏன் நிண்டீங்க?"

"நீங்க சொன்னது சரிதான். முள் ஏறல்ல." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆனா, உங்களக் கண்டும் நிக்காமப் போறது... எனக்கு ஏலாமக் கிடக்கு."

மழை தகரக் கூரையில் இறங்கியது. அவன் குந்தி, முன் டயரை விரலால் அமுக்கிப் பார்த்தான்.

"பாரம் பின்னுக்குத்தான் கூட. அது தடிச்சதாவே கிடக்கட்டும். முன்னுக்கு உங்கட பழையதப் போடுவம். கை மரக்காது."

"அதுல முள் ஏறினா?"

"ஏறட்டும். பக்கத்துல நான் வருவன்தானே."

"எத்தின ஞாயிறு வருவீங்க?"

"நீங்க போதுமெண்டு சொல்லுமட்டும்..."

றொவீனா மழையைப் பார்த்தாள். பின் அவனை.

"நான் சொல்லமாட்டன், க்ளைவ்."