தாலச்சாவின் மர மணி

எத்தியோப்பியாவின் போரானா மேய்ச்சல் நிலத்தில் இரண்டாவது முறையாக மழை பொய்த்திருந்தது. மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. புல் மிச்சமிருந்தது ஒரே இடத்தில்தான். கன்றுகளுக்கென்று முள்வேலி போட்டுக் காத்த ‘கலோ’ அது. பெரிய மாடு எதுவும் அதற்குள் கால் வைக்கக் கூடாது; வைத்தால் ஊரே தடியோடு ஓடி வரும்.

கன்றுகளை அங்கே மேய்ப்பது சிறுமி தலாசோவின் வேலை. அன்று காலை வேலிக்குள் நுழைந்தவள் திகைத்து நின்றாள். ஒரு மூலையில் புல்லை அடியோடு காணவில்லை. மண்ணில் பெரிய குளம்படிகள்.

மரத்தடியில் ஊர் கூடியது.

“தர்மியோட மாடுதான்! அது ஒண்ணுதானே இன்னும் நிமிந்து நடக்குது,” என்றார் தலைவர் குயோ.

தர்மி அத்தை இடுப்பில் கை வைத்தாள். “ஆமாமா, என் மாடு உள்ள போய் மேஞ்சுட்டு, வெளிய வந்து வாசல் முள்ளையும் இழுத்து மூடிட்டு வந்துச்சு!”

“மாடு மூடாது. நீ மூடுவே. நேத்து ஊரே கிணத்துக்குப் போச்சு, நீ வரலையே?”

தர்மியின் கன்றுக்கு இனிக் கலோவில் இடமில்லை என்று முடிவானது.

தலாசோவுக்கு மட்டும் ஒன்று தெரியும். அந்தக் குளம்படிகளில் ஒன்று ஓரம் உடைந்திருந்தது. அவர்கள் வீட்டுப் பசு தாலச்சாவின் கால் அப்படித்தான் பதியும். அது நடக்க முடியாமல் தவிக்கிறது என்று அப்பா திபாவும் நேற்றுப் பாதி வழியில் திரும்பியிருந்தார்.

வீட்டில் தாலச்சாவின் மர மணி தொங்கியது. கயிறு அறுந்துவிட்டது என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். கயிறு அறுந்திருக்கவில்லை. முடிச்சுதான் அவிழ்க்கப்பட்டிருந்தது.

தலாசோ அதை எடுத்துப்போய்த் தாலச்சாவின் கழுத்தில் கட்டினாள். டொக், டொக்.

அப்பா ஓடி வந்தார். “ஏய், இப்ப எதுக்குடி இது?”

“இவ எங்க போனாலும் சத்தம் கேக்கட்டும்னுதான்ப்பா.”

அப்பாவின் தலை தாழ்ந்தது. “புல்லு இல்லன்னா இவ செத்துருவாம்மா.”

“தெரியும்ப்பா. ஆனா தர்மி அத்தை கன்னு இனிமே எதைத் திங்கும்?”

 அப்பா பசுவைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார். டொக், டொக். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான்தான் விட்டேன்,” என்றார்.

“பரவாயில்ல திபா, உன் மாடு வாசலை நல்லாத்தான் மூடியிருக்கு!” என்றாள் தர்மி அத்தை.

வேலி முழுவதையும் அப்பா தனியாளாக உயர்த்திக் கட்ட வேண்டும் என்றார் குயோ. அப்பா கட்டினார்.

பதினோராம் நாள் தாலச்சா எழுந்திருக்கவில்லை. மழையும் வரவில்லை.

தலாசோ அழுதுகொண்டே மணியைக் கழற்றி, தாலச்சாவின் கன்றுக்குக் கட்டினாள். மணி முட்டியில் இடிக்க, கன்று தடுமாறியது.

“மணி கன்னை மேய்க்குதா, கன்னு மணியை மேய்க்குதாடி?” என்று தர்மி அத்தை கயிற்றைச் சுருக்கிக் கட்டிவிட்டாள்.

அவளுடைய கன்றும் கூடவே உள்ளே போனது. பொழுது சாயும்வரை கலோவுக்குள் மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. யாரும் தடியோடு ஓடி வரவில்லை.